பன்னிரண்டு கோயில், பன்னிரண்டு முறை கழற்றிய சாக்ஸ்

பொன்மனை கோயிலுக்கு வெளியே ஒரு திண்டில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். இடது குதிகாலில் ஏதோ ஒட்டிக்கொண்டு இழுத்தது. மெதுவாக உரித்துப் பார்த்தால், உடைந்த கொப்புளத்தின் தோல் பருத்தி நூலோடு சேர்ந்து வருகிறது. பன்னிரண்டு கோயிலில் அது ஐந்தாவது. இன்னும் ஏழு பாக்கி இருந்தது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சிவாலய ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் உள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களை மகா சிவராத்திரியை ஒட்டி ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருவார்கள். முஞ்சிறை பக்கம் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய் திருநட்டாலத்தில் முடியும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். விரதம் இருந்து, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று அழைத்துக்கொண்டு வெறுங்காலில் ஓடுவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போவார்கள்.

நாங்கள் போனது ஓட்டத்துக்கு அல்ல. நானும், தக்கலையில் இருக்கும் ஒரு அக்காவும், அவருடைய தங்கையும் நவம்பர் கடைசியில் மூன்று நாளாகப் பிரித்து அதே வழியில் நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினோம். மூவருக்கும் நாற்பது வயது தாண்டியிருந்தது. வெறுங்காலில் நூறு கிலோமீட்டர் தார் ரோடு நடக்கிற கால் எங்களுக்கு இல்லை. அதனால் ஷூ போட்டுக்கொண்டோம். ஷூவைத் தேடித் தேடி வாங்கினேன். சாக்ஸ் விஷயத்தில் மட்டும் யோசிக்கவே இல்லை. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூன்று ஜோடி நூற்றைம்பது ரூபாய் என்று விற்ற பருத்தி சாக்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "பருத்தி நல்லது, காலுக்குக் குளிர்ச்சி" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காதல்லவா.

ஒவ்வொரு கோயிலிலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்ற வேண்டும், கால் கழுவ வேண்டும், திரும்பி வந்து ஈரக் காலில் சாக்ஸை மாட்ட வேண்டும். போதாததற்குத் திக்குறிச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திற்பரப்பு போய்ச் சேரும்போது ஷூவுக்குள் நடக்கும்போதே சளக் சளக் என்று சத்தம். அன்று ராத்திரி தங்கிய வீட்டில் சாக்ஸைப் பிழிந்து ஃபேனுக்கு அடியில் போட்டேன். காலையில் தொட்டால் பிழிந்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஜில்லென்று இருந்தது. அதையே மாட்டிக்கொண்டு திருநந்திக்கரைக்கு நடந்தேன். அங்கிருந்து பொன்மனை வரும் ரப்பர் தோட்டத்து ஏற்ற இறக்கத்தில்தான் குதிகால் எரிய ஆரம்பித்தது. "கொஞ்சம் நில்லு, பாத்துட்டுப் போவோம் பிள்ளே" என்று அக்கா இரண்டு முறை சொன்னார். கோயில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நிற்கவில்லை. எரிச்சல் தொடங்கியதும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அந்தக் கொப்புளம் வந்திருக்காது என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்வேன்.

பன்னிப்பாகத்தோடு எனக்கு நடை முடிந்தது. மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த பத்து நாள் செருப்பைக்கூடச் சரியாகப் போட முடியவில்லை. அந்தப் பத்து நாளில்தான் ஒரு சாக்ஸ் எதற்காக இருக்கிறது என்று உட்கார்ந்து படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன்.

கொப்புளம் வெறும் தேய்ப்பால் வருவதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது கொஞ்சம் வேறு. நடக்கும்போது பாதத்து எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிட்டால், உள்ளே எலும்பு ஒரு பக்கம், வெளியே தோல் ஒரு பக்கம் என்று இழுபடும். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு தோலின் அடுக்குகளுக்கு நடுவே விரிசல் விழுந்து அதில் நீர் கோக்கிறது. ஈரமான தோல் ஊறி மென்மையாகி, சாக்ஸோடு இன்னும் நன்றாக ஒட்டும். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. அதனால் நாள் முழுக்க ஒரு ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல ஆகிவிடுகிறது. காலையில் இரண்டு கிலோமீட்டர் வாக்கிங் போகிறவருக்குப் பருத்தியே போதும். இருபது முப்பது கிலோமீட்டர் நடக்கிறவர் அதைத் தொடக்கூடாது என்பது என் தீர்மானம்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். ஜூனில் தொடங்கி ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி இன்னொரு மழை. இரண்டும் இல்லாத மாதத்தில் வேர்வை. மலைநடைக்கான சாக்ஸ் பற்றிப் படித்தால் பெரும்பாலும் பனி விழுகிற தேசத்துக்காரர்கள் சொல்வதுதான் கிடைக்கும். கனமான கம்பளி, முழங்கால் வரை உயரம், இரண்டு சாக்ஸ் ஒன்றின்மேல் ஒன்று என்று சொல்வார்கள். அவர்களுக்குக் குளிர் பெரிய பிரச்சினை. நமக்குப் பிரச்சினை ஈரம். அதனால் ஒரு சாக்ஸை எடுத்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி, இது நனைந்த பிறகு எப்படி இருக்கும் என்பதுதான்.

இதற்கு எனக்குக் கிடைத்த சரியான பதில் மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த சாக்ஸ். கம்பளி என்றதும் அக்கா சிரித்துவிட்டார். "நாரோயில் வெயிலுக்குக் கம்பிளியா?" என்றார். நாரோயில் என்றால் நாகர்கோவில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மெரினோ என்பது ஒரு வகைச் செம்மறி ஆட்டின் மெல்லிய ரோமம். ஒரு இழையின் தடிமன் இருபது மைக்ரான் அளவில்தான் இருக்கும், அதனால் போர்வைக் கம்பளி மாதிரி குத்தாது. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. இரண்டு நாள் தொடர்ந்து போட்ட மெரினோவையும் ஒரு நாள் போட்ட பாலியஸ்டரையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று மூக்கே சொல்லிவிடும்.

மெரினோ மட்டும் இருந்தால் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். அதனால்தான் நைலான். வாங்கும்போது அட்டையைத் திருப்பி சதவீதம் பாருங்கள். மெரினோ 50 முதல் 65, நைலான் 30 முதல் 40, மிச்சம் எலாஸ்டேன் அல்லது லைக்ரா என்ற இழுபடும் இழை சில சதவீதம் இருந்தால் உழைக்கும். மெரினோ 80-க்கு மேல் போனால் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் நீண்ட நடைக்குத் தாங்காது. சில அட்டைகளில் முன்பக்கம் பெரிதாக "மெரினோ" என்று போட்டிருப்பார்கள், பின்னால் பொடி எழுத்தில் பார்த்தால் 15 சதவீதம்தான் இருக்கும். பின்பக்கத்தை நம்புங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அல்லது கம்பளி வேண்டாம் என்றால், பாலியஸ்டரும் நைலானும் கலந்த நடை சாக்ஸ் வாங்கலாம். தண்ணீரை உறிஞ்சி வைக்காது, சீக்கிரம் காயும். நாற்றம்தான் அதன் குறை. எங்கள் மூவரில் தங்கை இன்று வரை அதைத்தான் போடுகிறார், அவர் காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் நடைக்கு அது தாராளம்.

துணி சரி, அளவு தவறினால் எல்லாம் வீண். இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. கடையில் "ஃப்ரீ சைஸ்" என்று எடுத்துப் போடுவது பெரும்பாலும் ஆண்கள் அளவு. என் பாதம் யுகே 4. அந்தச் சாக்ஸைப் போட்டால் குதிகாலுக்கான பை மாதிரியான பகுதி கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், விரல் நுனியில் துணி மடிந்து கிடக்கும். அந்த மடிப்பு ஒரு அரிசிமணி கனம்கூட இருக்காது. பத்து கிலோமீட்டர் கழித்து அது கூழாங்கல்லாகத் தெரியும். பெரிய விளையாட்டுச் சாமான் கடைகளில் 35–38, 39–42 என்று அளவு பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் அளவு இரண்டுக்கும் நடுவில் வந்தால் சின்னதை எடுங்கள். ஆனால் போட்டதும் கட்டைவிரல் நகத்தை அழுத்தக் கூடாது.

நான் ஒரு சாக்ஸைக் கையில் எடுத்தால் செய்வதைச் சொல்கிறேன். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவேன். விரல் நுனியில் இரண்டு துணியும் சேரும் தையலின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்ப்பேன். கயிறு மாதிரி மேடு தட்டினால் வைத்துவிடுவேன். நல்ல சாக்ஸில் அந்த இடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அடுத்து குதிகால் பகுதிக்குள் கையை விட்டு விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். துணி வழியே டியூப்லைட் தெளிவாகத் தெரிந்தால் பின்னல் தளர்வு, சீக்கிரம் பிய்ந்துவிடும். நெருக்கமாகப் பின்னியிருந்தால் மங்கலாகத்தான் தெரியும். பிறகு நடுப் பாதத்தைக் குறுக்கே இழுத்துவிட்டு விடுவேன். பட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் ஒரு பட்டை போல இறுக்கம் இருந்தால் சாக்ஸ் காலைச் சுற்றிச் சுழலாது.

உள்ளே டர்க்கி டவல் மாதிரி சுருள் சுருளாக மெத்தை வைத்திருப்பார்கள். குதிகாலிலும் விரலுக்குக் கீழும் மட்டும் மெத்தை இருந்தால் நம் வெயிலுக்குப் போதும். முழுக்க மெத்தை என்றால் கால் வேகும், நனைந்தால் காயவும் நேரமாகும். இன்னொன்று, மெத்தை உள்ள சாக்ஸ் ஷூவுக்குள் இடத்தைப் பிடிக்கும். புது சாக்ஸோடு பழைய ஷூ இறுகினால் நகம் கறுத்துவிடும். ஷூ வாங்கப் போகும்போதே நடைக்குப் போடப்போகிற சாக்ஸைப் பையில் கொண்டு போங்கள். சாயங்காலமாகப் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு எடுப்பதுதான் சரி.

விரல்களுக்கு நடுவே கொப்புளம் வருகிறவர்களுக்கு விரல் விரலாகப் பிரித்த சாக்ஸ் உண்டு, இன்ஜின்ஜி என்ற பெயரில் கிடைப்பது பரவலாகத் தெரிந்தது. அக்காவுக்குச் சுண்டுவிரல் அடுத்த விரலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். அவருக்கு இதுதான் ஒத்துவந்தது. மாட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். பன்னிரண்டு கோயிலில் பன்னிரண்டு முறை பத்து விரலையும் நுழைத்தார்.

மணலில் நடப்பது வேறு கதை. அடுத்த வருஷம் பிப்ரவரியில் கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கடலோரமாகக் குளச்சல் வரை இரண்டு நாள் நடந்தோம். கோவளம், மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, பிறகு முட்டம். அப்போது என்னிடம் நல்ல மெரினோ சாக்ஸ் இருந்தது, அதே மெத்தை வைத்ததுதான். மணக்குடி தாண்டும்போதே தெரிந்துவிட்டது. கடற்கரை மணல் அந்தச் சுருள்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, உதறினாலும் வராது. காலைச் சுற்றி உப்புத்தாள் கட்டின மாதிரி. கடலோரத்துக்கு மெத்தையே இல்லாத, தட்டையான மெல்லிய பின்னல்தான் வேண்டும். கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டை சாக்ஸ் ஆகவே ஆகாது, ஒவ்வொரு அடிக்கும் ஷூ விளிம்பு வழியாக மணல் இறங்கும். கெண்டைக்காலில் பாதி வரை வருவதை எடுத்து, மேல் விளிம்பை ஷூ மேல் மடித்து விட்டால் பாதி மணல் வெளியே நின்றுவிடும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பு மணல் வரும் இடத்தில் வெயில் ஏறிவிட்டால் சூடு ஷூ அடி வழியாகவே தெரியும். அந்தப் பகுதியை விடியலில் கடந்துவிடுவது நல்லது.

முட்டத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில் ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஷூவை உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். என் சாக்ஸின் குதிகாலில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை விழத் தொடங்கியிருந்தது. அதை வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார்.

"இதுல நைலான் உண்டா மக்களே?"

உண்டு என்றேன்.

"அப்பம் தப்பிச்சுக்கிடும். பண்டு எங்க அப்பன் காலத்துல வலை எல்லாம் பருத்தி நூலு. தெவசமும் கரையில விரிச்சு உணக்கணும். ஒரு நாளு மறந்தா அழுவிப் போவும். புளியங்கொட்டைத் தோலு காய்ச்சிச் சாயம் முக்குவாவ. நைலான் வந்த பிறவுதான் அந்தப் பாடு தீந்துது."

நான் பத்து நாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பிறந்ததிலிருந்து தெரிந்து வைத்திருந்தார். நைலானை 1935-இல் அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். 1940-இல் கடைக்கு வந்தபோது பெண்கள் முண்டியடித்து வாங்கியது நைலான் காலுறையைத்தான். நம் கரைக்கு வலையாக அது வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.

அவர் சொல்லித்தந்த மாதிரிதான் இன்றும் சாக்ஸ் ஓட்டையைப் பொத்துகிறேன். சாக்ஸுக்குள், ஓட்டைக்கு அடியில் ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையையோ உருண்டையான எதையாவதையோ வைத்துத் துணியை லேசாக விரித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையைச் சுற்றி நல்ல துணியில் ஒரு விரல் அகலம் தள்ளி ஊசியை ஏற்றி, முதலில் நீளவாக்கில் நூலை நெருக்கமாக ஓட்ட வேண்டும். பிறகு குறுக்கே, ஒரு நூலுக்கு மேல் ஒரு நூலுக்குக் கீழ் என்று பாய் முடைகிற மாதிரி பின்ன வேண்டும். இழுத்து இறுக்கக் கூடாது. "வலைக்கு முடிச்சு வேணும், காலுக்கு முடிச்சு ஆவாது" என்றார். அதனால் நூலின் இரண்டு நுனியையும் முடிச்சுப் போடாமல் துணிக்குள்ளேயே நாலைந்து தையல் ஓட்டி விட்டுவிடுவேன். துணி மெலிந்து வலை மாதிரி தெரியத் தொடங்கும்போதே செய்துவிட்டால் பத்து நிமிட வேலை. முழு ஓட்டை விழுந்தபின் செய்தால் அந்த இடம் தடித்துக் குதிகாலில் உறுத்தும், அந்த ஜோடியை நீண்ட நடைக்கு எடுக்காமல் வீட்டைச் சுற்றிப் போட்டுக்கொள்வேன்.

ரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு போகிற பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரமாக நடந்தால் சாக்ஸ் மேலே ஊர்ந்து வரும். பின்னல் தளர்வாக இருந்தால் அதன் வழியாகவே கடித்துவிடும். நெருக்கமான பின்னல் உள்ள சாக்ஸுக்கு மேலே முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் என்று தனியாக ஒன்று கிடைக்கிறது. அழுத்தமான துணியில் பை மாதிரி தைத்திருப்பார்கள், சாக்ஸுக்கு மேல் மாட்டி, அதன்மேல் ஷூ போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு அண்ணாச்சி சொன்னது, துணியில் உப்பைக் கிழி கட்டி நனைத்து வைத்துக்கொண்டு அட்டைமேல் ஒரு தொடு தொட்டால் விழுந்துவிடும் என்று. செய்து பார்த்தோம், விழுகிறது. எப்படி எடுத்தாலும் கடிவாய் கொஞ்ச நேரம் ரத்தம் விடும். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனது ரோட்டோடு மட்டும்தான்.

சாக்ஸ் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதில் பாதி, துவைப்பதில் இருக்கிறது. வேர்வை காய்ந்தால் உப்பு இழைகளுக்கு நடுவே தங்கிவிடும், சாக்ஸ் காகித அட்டை மாதிரி விறைக்கும், அந்த உப்பே இழையையும் தோலையும் அறுக்கும். அதனால் நடை முடிந்த அன்றே, சவுக்காரம் இல்லாவிட்டால்கூட, வெறும் தண்ணீரில் நாலு தடவை கசக்கி அலசிவிட வேண்டும். உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், அழுக்கும் செத்த தோலும் அங்கேதான். கல்லில் அடிக்கக் கூடாது. ப்ரஷ் போடக் கூடாது. துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவத்தை ஊற்றவே கூடாது, அது இழைமேல் படிந்து ஈரம் இழுக்கும் குணத்தைக் கெடுத்துவிடும். முறுக்கிப் பிழியாமல், ஒரு காய்ந்த தோர்த்தை, அதாவது மெல்லிய துண்டை, விரித்து அதன்மேல் சாக்ஸை வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். தோர்த்தை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் அதில் வந்திருக்கிறது என்று தெரியும். பிறகு நிழலில் காற்றாடக் கொடியில் போட்டால், மெல்லிய மெரினோ என்றால், மழையில்லாத ராத்திரியில் விடிவதற்குள் போடும் அளவுக்கு உலர்ந்துவிடும். உச்சி வெயிலில் நாள்கணக்கில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும்.

அந்தத் தோர்த்து நடையிலும் வேண்டும். முதல் பயணத்துக்கும் மறுபடி போன பயணத்துக்கும் பெரிய வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன். மறுபடி போனபோது ஒவ்வொரு கோயிலிலும் வெளியே வந்ததும் உட்கார்ந்து, தோர்த்தால் விரலுக்கு விரல் நடுவே துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, அப்புறம்தான் சாக்ஸ் போட்டோம். மூன்று ஜோடி கொண்டு போனேன். ஒன்று காலில். இன்னொன்று பையின் வெளியே சேஃப்டி பின் குத்திக் காயப்போட்டது. மதியச் சாப்பாட்டோடு இரண்டையும் மாற்றிக்கொள்வேன். மூன்றாவது ராத்திரி தூங்குவதற்கு மட்டும், அதை நடையில் தொடவே மாட்டேன். மழையில் எல்லாமே நனைந்தாலும் ராத்திரி எட்டு மணி நேரம் கால் காய்ந்து கிடந்தால், ஊறின தோல் காலையில் பழையபடி ஆகிவிடுகிறது. இப்படி இருந்தால் சேற்றுப்புண்ணும் எளிதில் வராது.

புறப்படுவதற்கு முன் காலில் தேங்காயெண்ணெய் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் தேய்த்துப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டு சுகமாக இருக்கும். அதன்பின் எண்ணெய் இழுபட்டு, தோல் மென்மையாகி, முன்னைவிட அதிகமாக ஒட்டத் தொடங்கும். எண்ணெயை ராத்திரி படுக்கும்போது தேயுங்கள். நடைக்கு முன் வேண்டாம். எனக்கு எரிச்சல் வரும் இடம் குதிகால் என்று தெரியும், அதனால் கிளம்பும் முன்பே, கால் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அங்கே காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுவேன். நகத்தை இரண்டு நாள் முன்னதாகவே வெட்டிவிடுவேன், கூர் நகம்தான் முதலில் சாக்ஸை ஓட்டை போடும்.

மீறிக் கொப்புளம் வந்துவிட்டால்? சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் உடைக்க வேண்டாம், மேலே மூடி ஒட்டினால் போதும். பெரிதாக, நடக்க முடியாமல் இருந்தால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு மூட வேண்டும். அந்தத் தோல்தான் அதற்கு மருந்து. நான் பொன்மனையில் உரித்ததால்தான் பத்து நாள் ஆனது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையெல்லாம் தாங்களே செய்யக் கூடாது. அவர்களில் சிலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், கொப்புளம் வந்ததே தெரியாது. நடைக்கு முன்னால் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிற சாக்ஸ் போட்டால் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். எங்கள் அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவர் கறுப்பு சாக்ஸை விட்டுவிட்டார்.

இரண்டாவது முறை பன்னிரண்டு கோயிலும் நடந்தது ஜனவரியில். பொன்மனையில் அதே திண்டில் உட்கார்ந்து இடது சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலில் டேப் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் திருநட்டாலத்தில் தீபாராதனை முடிந்து வெளியே வரும்போது மூன்று பேர் காலிலும் ஒரு கொப்புளம் இல்லை. அந்த ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது குதிகாலில் ஒரு பொத்தல், இடது கட்டைவிரல் பக்கம் லேசாக மெலிந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊசியை எடுக்க வேண்டும்.